ஜமுக்காளம் விரிக்காத ஹால்

அறுபதைத் தாண்டியவர்களே, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உங்கள் காலுக்குக் கீழே ஒரு தடவை பாருங்கள். அநேகமாக டைல்ஸ்தான் இருக்கும். பாதிப் பேர் வீட்டுக்குள்ளேயே ரப்பர் செருப்பும் போட்டிருப்பீர்கள். குதிகால் வலிக்கு டாக்டர் சொன்னார் என்பீர்கள். நானும் அந்தக் கூட்டம்தான். நாம் பிள்ளைகளாக இருந்தபோது செருப்போடு உள்ளே வந்தால் முதுகில் விழும். இப்போது செருப்பில்லாமல் நடந்தால், "வழுக்கி விழுந்திராதீக அத்தை" என்று மருமகள் பதறுகிறாள்.

என் மகன் திருச்சுழி ரோட்டில் வீடு கட்டுகிறான். சுவர்ப்பூச்சு முடிந்து, ஹாலுக்குத் தரை என்ன என்பதில் வேலை நின்றுபோய்க் கிடக்கிறது. அவனுக்கு டைல்ஸ் வேண்டும். துடைத்தால் போதும், தலைவலி இல்லை என்கிறான். மருமகளுக்குச் சிவப்பு சிமெண்டுத் தரை. அதுதான் குளிர்ச்சி, அதுதான் இப்போது அழகு என்று போனில் படம் படமாகக் காட்டுகிறாள். இரண்டு பேரும் மல்லுக்கட்டி ஓய்ந்துபோய் நேற்று என்னிடம் வந்தார்கள்.

"சிமெண்டுத் தரை போட்டா, மொதல்ல வாரவுகள வெள்ள வேட்டி கட்டிட்டு வர வேண்டாம்னு சொல்லிருங்க" என்றேன்.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கிழவிக்குக் கழன்றுவிட்டது என்று நினைத்திருப்பார்கள். அவர்களிடம் சொல்லப் பொறுமையில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

மழை பொய்த்துப்போன வருஷம் அது. அருப்புக்கோட்டையில் எந்த வருஷம் மழை பெய்தது என்று கேட்காதீர்கள், அந்த வருஷம் அதிகமாகப் பொய்த்தது. மாசியிலேயே கரிசல் காடு கால் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடந்தது. குழாயடியில் குடங்கள் மட்டும் வரிசையாக உட்கார்ந்திருக்கும், தண்ணீர் வராது. தெருவில் பெண்கள் பேசுவதெல்லாம் தண்ணீர்ப் பேச்சு, சண்டையெல்லாம் தண்ணீர்ச் சண்டை.

அப்பாவுக்குக் கடைவீதியில் பருத்திக்கொட்டை, புண்ணாக்குக் கடை. அவருடைய தங்கை, என் அத்தை, எங்களோடு இருந்தாள். இருபத்தாறு வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. அந்தக் காலத்தில் அது எப்பேர்ப்பட்ட வயது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இரண்டு இடம் வந்து பார்த்துவிட்டுப் பதில் சொல்லாமல் இருந்துவிட்டார்கள். இரண்டாவதாக வந்தவர்களில் ஒரு அம்மாள் எங்கள் பட்டாசாலையில், அதாவது முன்கூடத்தில், நடக்கும்போது சேலைக் கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். பழைய சுண்ணாம்புத் தரை, எவ்வளவு கூட்டினாலும் பொடி உதிரும். அப்பா அதைப் பார்த்துவிட்டார். அத்தைக்குக் கல்யாணம் ஆகாததற்குக் காரணம் இந்தத் தரைதான் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டார்.

விருதுநகர்ப் பக்கத்திலிருந்து மூன்றாவது இடம் ஒன்று வந்தது. மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். சித்திரையில் பார்க்க வருவதாகச் சொல்லி, தரகர் மாப்பிள்ளையின் போட்டோவைக் கொடுத்துவிட்டுப் போனார். அத்தை அந்தப் போட்டோவைத் தலையணை உறைக்குள் வைத்திருந்தாள். எனக்கு மட்டும் காட்டினாள். "எனக்கு இவுகளப் பிடிச்சிருக்குடி" என்றாள். அவள் எதையும் பிடித்திருக்கிறது என்று சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை.

அப்பா கொத்தனாரைக் கூட்டிவந்தார். அன்றிலிருந்து பட்டாசாலை என்ற பேச்சே வீட்டில் கூடாது, "ஹால்" என்றுதான் சொல்ல வேண்டும். கடையில் தராசு பிடிக்கிற மனுஷர் சாக்கட்டியோடு குனிந்து குனிந்து கோடு போட்டதைப் பார்த்து அம்மாவே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சம்பந்தி இங்கே, மாப்பிள்ளை இங்கே, தாய்மாமன் இங்கே என்று உட்காரும் இடங்களை முதலில் குறித்தார். அவர்கள் கண் எங்கே விழும் என்று தானே உட்கார்ந்து பார்த்தார். தரை முழுக்க ரெட் ஆக்சைடு போட்ட சிவப்பு சிமெண்டு. சுவரோரம் சாண் அகலத்துக்குக் கறுப்பு பார்டர். நட்டநடுவில் உடைந்த பீங்கான் சில்லுகளைப் பதித்து ஒரு தாமரை. அலமாரி பின்கட்டுக்குப் போனது. கடிகாரம் எதிர்ச்சுவருக்கு வந்தது.

"பச்சை பார்டரும் நல்லாருக்கும் மொதலாளி" என்றார் கொத்தனார்.

"பச்ச கடைக்கு. இது வீடு" என்றார் அப்பா. அதற்கு என்ன அர்த்தம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பீங்கான் சில்லுகள் ஒரு சாக்கில் வந்தன. உடைந்த தட்டு, கோப்பை, எந்தப் பெரிய வீட்டுச் சுவரிலோ இருந்து பெயர்த்த வழவழப்பான டைல்ஸ் துண்டு. அதில் நீலத்தில் பாதிப் பறவை வரைந்த ஒரு சில்லை எடுத்து நான் பாவாடையில் முடிந்துகொண்டேன். மீதிப் பாதியைச் சாக்கு முழுக்கத் தேடினேன், கிடைக்கவில்லை.

தரை போட்டு முடித்த அன்று அந்தச் சிவப்பு எங்கள் எல்லோரையும் வாயடைக்க வைத்தது. கொத்தனார் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "மொதலாளி, இனிமேதான் சோலி. பத்துப் பன்னெண்டு நாளைக்குத் தண்ணி நிக்கணும். ஈரமா இருந்தாப் பத்தாது, நிக்கணும். காஞ்சுச்சுன்னா சிமெண்டு செவப்பப் பிடிக்காது. தொட்டவன் கையில ஒட்டும்."

அந்தக் கோடையில், அந்தத் தெருவில், தரையில் நிற்கத் தண்ணீர்!

அப்பா யாருக்கும் தெரியாமல் ஏற்பாடு செய்தார். விடியும்போது மாட்டு வண்டியில் பீப்பாய் வைத்துத் தோட்டக் கிணற்றிலிருந்து தண்ணீர் வரும். கொல்லைப்புறச் சந்து வழியாக வந்து பின்கட்டுத் தொட்டியில் இறங்கும். ஹாலில் களிமண்ணால் வரப்புக் கட்டி, பாத்தி பாத்தியாகத் தண்ணீரை நிறுத்தினார்கள். கரிசல் காட்டில் பிறந்த நான் பார்த்த முதல் நஞ்சை வயல் எங்கள் வீட்டு ஹால்தான். குறுக்கே ஒரு பலகை போட்டிருந்தது. அதன் மேல்தான் நடக்க வேண்டும். வாசல்கதவு பகலெல்லாம் சாத்தியே இருக்க வேண்டும் என்பது அப்பாவின் உத்தரவு. தெருவில் தெரிந்தால் கல்லால் அடிப்பார்கள். மிகைப்படுத்தவில்லை, முந்தின வாரம்தான் ஒரு குடம் தண்ணீருக்காகக் குழாயடியில் ஒருத்தியின் மண்டை உடைந்திருந்தது.

கதவு தட்டும்போதெல்லாம் அம்மா ஒரு கீற்றளவு திறந்து, உடம்பால் மறைத்துக்கொண்டு பேசுவாள். நான் பலகைமேல் அசையாமல் நிற்பேன். அசைந்தால் சளக் என்று சத்தம் கேட்கும்.

ஒரு மத்தியானம் எதிர்வீட்டம்மா தட்டினாள். தலைப்பிரசவத்துக்கு வந்த அவள் மகள் பிள்ளை பெற்றிருந்தாள்.

"ஒரு கொடம் இருந்தாக் குடு ஆத்தா. பெத்தவளுக்கு மேலுக்கு ஊத்தக்கூட இல்ல. பிள்ளத்துணி நாறிக் கெடக்கு."

"எங்களுக்கே பொட்டுத் தண்ணி இல்லையே மதினி" என்றாள் அம்மா.

எதிர்வீட்டம்மா குனிந்து அம்மாவின் காலைப் பார்த்தாள். இரண்டு பாதமும் நனைந்து, விரலிடுக்கில் சிவப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு வெறுங்குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். அம்மா கதவைச் சாத்திவிட்டு அதிலேயே சாய்ந்து நின்றாள். அந்த முகத்தை நான் மறக்கவில்லை.

அத்தை அடுப்படியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். பேசாமல் பின்கட்டுக்குப் போய், தொட்டியில் குடத்தை முக்கி இடுப்பில் ஏற்றிக்கொண்டு சந்து வழியாக வெளியே போனாள். திரும்பி வந்து இன்னொரு குடம். அடுத்த நாளும் போனாள். அதற்கடுத்த நாளும். தொட்டித் தண்ணீர் குறையக் குறைய ஹாலில் பாத்திகள் வற்றின. கோடை வெயிலில் ஓடு கொதிக்கிற வீடு அது. மத்தியானத்துக்குள் தரை வெளுத்துக் காய்ந்துவிடும். அப்பா கடையைப் பூட்டிவிட்டு வருவதற்குள் அத்தை ஒரு சாக்கை நனைத்து ஹால் முழுக்கத் துடைத்து, மீதித் தண்ணீரைப் பாத்திகளில் ஊற்றிவைப்பாள். வரும்போது பளபள என்று இருக்கும். அப்பா பலகையில் நின்று, "தண்ணி நல்லாக் குடிக்குது" என்பார்.

அம்மாவுக்குத் தெரியும். அத்தை குடத்தோடு போகும்போது அம்மா அரிசி புடைப்பாள். புடைக்க அரிசி இல்லாத நேரத்திலும் புடைப்பாள்.

சாக்கால் நனைத்தால் போதும் என்று அத்தை நம்பினாள். அந்தத் தரையில்தான் தன் கல்யாணம் முடிவாகப்போகிறது என்று தெரிந்தவள், அதைக் கெடுக்க நினைப்பாளா? வரப்பை எடுத்த பிறகு தேங்காயெண்ணெயில் துணியை நனைத்து மூலை மூலையாகத் தேய்த்ததும் அவள்தான். முழங்காலில் ஊர்ந்து ஊர்ந்து தேய்த்தாள். துணி சிவந்ததற்கு, "புதுத் தரைன்னா கொஞ்சம் வரத்தான் செய்யும்" என்றாள். பீங்கான் தாமரை அந்தச் சிவப்பின் நடுவில் ஜொலித்தது.

பார்க்க வருகிற நாள் வந்தது. காலையிலேயே கரண்ட் போய்விட்டது. அம்மா பீரோவிலிருந்து ஜமுக்காளத்தை எடுத்துவந்து விரிக்கப் போனாள். அப்பா கையைப் பிடித்துத் தடுத்தார்.

"என்ன செய்யிற?"

"வாரவுக உக்கார வேண்டாமா?"

"தரையில உக்காரட்டும். ஜமுக்காளத்தப் போட்டு மூடுறதுக்கா இம்புட்டுப் பாடுபட்டேன்?"

"வெறுந்தரையிலயா? மரியாதையா இருக்காதே."

"இதவிட என்ன மரியாத? உள்ள கொண்டு போ."

அம்மா ஜமுக்காளத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றாள். அத்தையைப் பார்த்தாள். அத்தை தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு அம்மா அதை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டாள்.

அவர்கள் வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அப்பா, அம்மா, தாய்மாமன், தரகர். ஆண்கள் எல்லோரும் கஞ்சி போட்டு மடிப்புக் கலையாத வெள்ளை வேட்டி. மாப்பிள்ளையின் அம்மாவுக்குச் சந்தன நிறப் பட்டு. அப்பா சாக்கட்டியால் குறித்த அதே இடங்களில் உட்கார்ந்தார்கள். புழுக்கத்தில் எல்லோருக்கும் வேர்த்துக் கொட்டியது. அம்மா பனையோலை விசிறிகளை நீட்டினாள்.

"ஹாலு அம்சமா இருக்கே" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

அப்பாவுக்கு அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது. பார்டரைக் காட்டினார். தாமரையைக் காட்டினார். அத்தை காப்பித் தட்டோடு வந்தாள். மாப்பிள்ளை நிமிர்ந்து பார்த்தார். அத்தையும் பார்த்துவிட்டாள், நான் கவனித்தேன். மாப்பிள்ளையின் அம்மா அவளைப் பக்கத்தில் கூப்பிட்டுத் தலைமுடியைத் தொட்டுப் பார்த்தாள். "எங்களுக்குத் திருப்திதான். பூ வைக்க நாளப் பாருங்க" என்று மாப்பிள்ளையின் அப்பாவே வாயால் சொல்லிவிட்டார். தரகர் வெற்றிலையை மடித்து வாயில் போட்டார். எல்லாம் முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

எழுந்தார்கள்.

நான் அடுப்படி வாசலில் உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்திருப்பவள் கண்ணுக்குத்தான் அது முதலில் தெரியும். தாய்மாமனின் வேட்டிப் பின்பக்கம் வட்டமாகச் சிவந்திருந்தது. அப்புறம் மாப்பிள்ளையின் அப்பா. அப்புறம் மாப்பிள்ளை. எண்ணெயும் வேர்வையும் சேர்ந்து தரைச் சிவப்பை அப்படியே உரித்து எடுத்திருந்தன. சந்தனப் பட்டிலும் அப்பியிருந்தது. மாப்பிள்ளையின் அம்மா கையை ஊன்றி எழுந்தவள், தன் உள்ளங்கையைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள்.

"என்னய்யா இது?" தாய்மாமன் வேட்டியை முன்பக்கமாக இழுத்துப் பார்த்தார். "இதோட நாங்க பஸ்ஸுல போகணுமா? அசிங்கப்படுத்தவா கூப்பிட்டீக?"

அப்பாவின் முகம் தரையைவிடச் சிவந்தது. அம்மாவிடம் திரும்பினார். "தண்ணி கட்டுனியா இல்லையா?"

அம்மா சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

"ஒன்னத்தான் கேக்கேன். கட்டுனியா இல்லையா?" கை ஓங்கிவிட்டது. வந்தவர்கள் முன்னாலேயே ஓங்கிவிட்டது. அப்போதும் அம்மா வாயைத் திறக்கவில்லை. ஒரு வார்த்தை சொன்னால் போதும், தப்பித்துவிடுவாள். சொல்லவில்லை.

அத்தை தட்டைக் கீழே வைத்தாள்.

"மதினி மேல தப்பில்லண்ணே. தண்ணிய நான்தான் எதுத்த வீட்டுக்குத் தூக்கிக் குடுத்தேன். அங்க பிள்ள பெத்தவ இருக்கா. இங்க தரைக்கு ஊத்திக்கிட்டு அங்க இல்லன்னு சொல்ல எனக்கு மனசு வரல."

பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் பேசிவிட்டது. அதுவும் அண்ணன் முகத்தைப் பார்த்து, குரல் நடுங்காமல். நான் மாப்பிள்ளையையே பார்த்தேன். ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். அவர் தன் வேட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றாள் அவருடைய அம்மா. துண்டுகளை இடுப்பில் சுற்றிக்கொண்டு அவர்கள் தெருவில் இறங்கினார்கள். மறுநாள் காலையில் அப்பா தானே ஜமுக்காளத்தை எடுத்துவந்து ஹாலில் விரித்தார்.

அதற்குப் பிறகு அப்பா அத்தையோடு பேசவில்லை. அத்தை சாப்பிடவில்லை. தரகர் வந்தால்தான் தெரியும் என்று வீடே வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் ஒரு சாயந்தரம் வந்தார். உள்ளே வராமல் அப்பாவைத் தெருமுக்குக்குக் கூட்டிப்போய்ப் பேசினார். அப்பா திரும்பி வந்து, "தரை சரியில்லைன்னு வேண்டாமுன்னுட்டாக" என்றார். அவ்வளவுதான். அத்தை போட்டோவைத் தரகர் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள்.

கடைவீதியிலும் அப்பா அதையே சொன்னார். கேட்டவர்களிடமும் சொன்னார், கேட்காதவர்களிடமும் சொன்னார். "கொத்தனாரு மேல குத்தமில்லப்பா. அவரு படிச்சுப் படிச்சுச் சொன்னாரு. நான்தான் தண்ணி வண்டிக்குக் காசு பாத்துட்டேன். என் கஞ்சத்தனம், தங்கச்சி காரியம் கெட்டுப்போச்சு." ஊர் சிரித்தது. பள்ளிக்கூடத்தில் என்னைக் "கஞ்சன் மக" என்றார்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது. தினமும் வண்டித் தண்ணீர் இறக்கிய மனுஷர் எதற்கு இப்படிப் புளுகுகிறார்? தங்கை தண்ணீரைத் தூக்கிக் கொடுத்ததை மறைத்துத் தன்னையே ஏசிக்கொண்டு திரிகிற பைத்தியக்காரர் என்று நினைத்தேன். வெகுகாலம் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஐப்பசியில் மழை விழுந்த பிறகு திருச்சுழியிலிருந்து ஒரு இடம் வந்தது. மாப்பிள்ளை அங்கே உரக்கடை வைத்திருந்தவர். தரையின் புகழ் திருச்சுழிவரை போயிருந்தது. இந்தத் தடவை ஜமுக்காளம் சுவரிலிருந்து சுவர்வரை விரித்திருந்தது. அவர் உள்ளே வந்ததும் நின்று, ஜமுக்காளத்தின் ஓரத்தைத் தூக்கி விரலால் தரையைத் தேய்த்துப் பார்த்தார்.

"இன்னும் ஒட்டுதே!" என்று விரலைத் தன் அம்மாவிடம் காட்டிச் சிரித்தார்.

அப்பா கூனிக் குறுகி, "மன்னிக்கணும், ஜமுக்காளத்துல உக்காருங்க" என்றார்.

"இருக்கட்டும் மாமா. ஆசப்பட்டுப் போட்டது. ஒரு வேட்டிதான, போனாப் போகுது" என்று ஜமுக்காளத்தைப் பாதிவரை சுருட்டித் தள்ளிவிட்டு, வெள்ளை வேட்டியோடு தாமரைக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். அடுப்படிக்குள் அத்தை வாய்விட்டுச் சிரித்தது ஹால்வரை கேட்டது. யாரும் அதைக் குற்றமாக எடுத்துக்கொள்ளவில்லை. தை மாதம் கல்யாணம்.

அந்த வீடு இப்போது இல்லை. தாமரையை இடித்து லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நீலப் பறவைச் சில்லு என் கல்யாணத்தோடு எங்கோ தொலைந்தது.

நேற்று மகனும் மருமகளும் போன பிறகு அத்தைக்குப் போன் போட்டேன். எண்பதைத் தாண்டிவிட்டாள், காது மட்டும் மந்தம். அந்த உரக்கடை மாமா போய் வருஷங்களாகிவிட்டன. அந்தச் சிவப்பு ஒட்டின வேட்டி இருக்கிறதா என்று கத்திக் கேட்டேன்.

"பெரியவனுக்கு அதுலதான் தொட்டில் கட்டுனேன். நஞ்சு கிழிஞ்சுபோச்சு" என்றாள்.

பேச்சுவாக்கில், அப்பாவின் கஞ்சத்தனப் புளுகைச் சொல்லிச் சிரித்தேன். அத்தை சிரிக்கவில்லை.

"ஒனக்குத் தெரியாதா? என் மகன் கல்யாணத்துல வச்சு அந்தத் தரகர் எங்கிட்டச் சொன்னாரு. அந்த வாத்தியார் வீட்டுல தரைக்காக வேண்டாங்கல. வேட்டி போனா என்ன, பொண்ணு சபையில அண்ணன எதுத்துப் பேசுது, அது ஆகாதுன்னாகளாம். அண்ணன் தரகரு கையப் பிடிச்சுக்கிட்டு, 'ஊருக்குள்ள இந்தப் பேச்சு வரக் கூடாது. தரை சரியில்லைன்னே இருக்கட்டும், எம்மேலயே போட்டுக்கிறேன்'னாராம். இல்லைன்னா வாயாடின்னு பேரு வாங்கிட்டு நான் அந்த வீட்டுலயே கெடந்திருப்பேன்."

அப்பா அத்தனை பெருமையாகக் கோடு போட்ட ஹாலை, ஊர் சிரிக்கட்டும் என்று தன் கையாலேயே தூக்கிக் கொடுத்திருக்கிறார். பைத்தியக்காரர் என்று நினைத்தேனே. போனைப் பிடித்துக்கொண்டே அழுதேன். அத்தைக்குக் கேட்டிருக்காது.

"என்ன தரை போடப் போறீக?" என்றாள்.

"அதான் சண்ட. மகனுக்கு டைல்ஸு, மருமகளுக்குச் சிமெண்டு. நீ என்ன சொல்ற?"

காதில் விழவில்லையோ என்று இன்னொரு தடவை கத்தினேன்.

"எதையும் போடட்டும் தாயி. மொத நாளு மட்டும் ஜமுக்காளம் விரிக்க வேண்டாமுன்னு சொல்லு. வெறுந்தரையில யாரு உக்காருறாகன்னு பாக்கட்டும்."